புயலுக்கு வெற்றிலை பாக்கு

திண்டுக்கல்
8-7-84

அன்புத் தங்கை ஒச்சம்மாளுக்கு அண்ணன் ஆண்டிச்சாமி எழுதுவது. நானும் உன் மதினி சரஸ்வதியும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும், அது இன்னும் கரும்பலகை முன்னால் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. நீயும் உன் மகன் அசோக்குமாரும் சுகமா? பசு சினையாக இருப்பதாக எழுதியிருந்தாய், எத்தனையாவது மாதம்?

ஒரு செய்தி. புயல் மழைக்கு முன்னேற்பாடு செய்ய ஊர் ஊராகக் குழு அமைக்கிறார்கள். எரியோட்டுக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள், நான் பிறந்த ஊர் என்பதால். எரியோட்டில் பள்ளமான இடம் எது? நம் குளத்துக்கரைத் தெருதான். கரைக்குக் கீழே முப்பத்தொரு வீடு. முதல் வீடு உன்னுடையது.

கடல் எங்கே, நாம் எங்கே, நமக்கு என்ன புயல் என்று நீ கேட்பாய். ஓர் உதாரணம் சொல்கிறேன். இடுப்பில் குடத்தோடு ஒருத்தி ஓடி வருகிறாள். வாசற்படியில் தடுக்கி விழுகிறாள். தண்ணீர் எங்கே கொட்டும்? வாசலிலா? வீட்டுக்குள்தான். புயலும் அப்படித்தான். காற்றுக்குக் கரையிலேயே மூச்சு வாங்கிவிடும். குடம் உள்ளே வந்து நம் மலைகளில் தடுக்கி இங்கே உடையும். எழுபத்தேழில் கொடகனாற்றில் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டாய். அதுவும் நாகப்பட்டினத்தில் கரையேறிய புயலின் தண்ணீர்தான்.

உன் தெருவில் ஆள் எத்தனை, நடக்க முடியாதவர் எத்தனை, ஆடு மாடு எத்தனை என்று எழுதி அனுப்பு. நேரில் வரத்தான் நினைத்தேன். கடிதமே விரைவு என்று எழுதுகிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணன் ஆண்டிச்சாமி


எரியோடு
19-7-84

மரியாதைக்குரிய அண்ணனுக்கு ஒச்சம்மாள் வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு நொச்சித் தழையை வதக்கிக் கட்டச் சொல்லி மதினியிடம் சொல்லவும். பசுவுக்கு ஆறாம் மாதம்.

நீங்கள் கேட்ட கணக்கு: வீடு முப்பத்தொன்று. ஆள் நூற்று நாற்பத்திரண்டு. நடக்க முடியாதவர் மூன்று பேர். நடக்க முடிந்தும் நடக்காதவர் உங்கள் மருமகன் அசோக்குமார் ஒருவன், எதற்கெடுத்தாலும் சைக்கிள். மாடு பத்தொன்பது. ஆட்டை எண்ண முடியவில்லை, எண்ணப் போனால் இடம் மாறுகிறது.

குடத்து உதாரணத்தைத் தெருவில் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு சுந்தரம்மாள், "தண்ணி எடுத்துக்கிட்டு ஓடியார்றவளா? மொதல்ல கொழாயில தண்ணிய வரச் சொல்லு, பெறகு ஓடுவோம்" என்றாள்.

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் காத்தமுத்து கேட்டார்: "ஏந்தாயி, ஒங்க அண்ணன் திண்டுக்கல்லுலதான இருக்காரு? இல்ல, சிலோனுக்குப் போயிட்டாரா?" நான் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஒச்சம்மாள்


திண்டுக்கல்
2-8-84

அன்புத் தங்கைக்கு ஆசிகள். நொச்சித் தழை கட்டியதில் முழங்கால் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. உன் கணக்கைக் குழுவில் படித்தேன். இவ்வளவு தெளிவாக வேறு எந்தத் தெருவிலிருந்தும் வரவில்லை என்று தாசில்தாரே பாராட்டினார். ஆட்டுக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார்.

திட்டம் தயார். வானொலியில் எச்சரிக்கை சொன்னதும் பள்ளிக்கூட மணி இடைவிடாமல் அடிக்கும். எல்லாரும் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு நடந்துவிட வேண்டும். கால் மணி நேர நடைதான். ஒன்றாம் வகுப்பில் பெண்கள், இரண்டாம் வகுப்பில் ஆண்கள், விளையாட்டுத் திடலில் மாடுகள். அங்கேயே கஞ்சி காய்ச்சித் தருவார்கள்.

பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும்போது பார்த்திருக்கிறேன். எல்லாருமே தயங்கி நிற்பார்கள். முதல் பிள்ளை பஸ்ஸில் ஏறிவிட்டால் மற்றவர்கள் இடித்துக்கொண்டு ஏறுவார்கள். உன் தெருவில் முதல் பிள்ளை நீதான், ஒச்சம்மா. நீ கிளம்பினால் தெருவே கிளம்பும். கிளம்புவாய் அல்லவா?

அண்ணன்


எரியோடு
30-8-84

அண்ணனுக்கு வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நிலக்கடலை ஆய்கிற வேலை. மதினிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன், இப்போது தேவலையா?

திட்டம் நன்றாக இருக்கிறது. மற்றவர்களைக் கூட்டிப்போங்கள். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். சினை மாட்டை மேட்டில் ஏற்ற முடியாது. அது கன்று போட்டபின் என்றால், கன்றை நனைய விட முடியாது. கன்று வளர்ந்தபின் என்றால், அப்போது வேறு ஏதாவது இருக்கும்.

என் வீடு கல்லும் சுண்ணாம்பும். நாற்பது வருஷம் நின்றிருக்கிறது.

ஒச்சம்மாள்


திண்டுக்கல்
10-9-84

அன்புத் தங்கைக்கு, காய்ச்சல் போய் உன் மதினி இப்போது என்னை அதட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

நீ எழுதியது எனக்குக் கவலையாக இருக்கிறது. நாற்பது வருஷம் நின்றது வீடு அல்ல, குளக்கரை. கரை நிற்கும்வரை வீடு நிற்கும். கரைக்கு வயதாகிவிட்டது. போன வாரம் பொதுப்பணித்துறை ஆள் ஒருவர் பார்த்துவிட்டு வந்து, "சார், எலி வளை அம்புட்டு இருக்கு, பெருமழை தாங்காது" என்றார். தண்ணீர் வந்தால் முதலில் உன் வாசலில்தான் இறங்கும். இதை உனக்குச் சொல்ல எனக்கு உதாரணமே கிடைக்கவில்லை. ஆகவே அப்படியே சொல்கிறேன்.

செப்டம்பர் 23, ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒத்திகை. முப்பத்தொரு வீட்டுக்கும் அறிவிப்பு அச்சடித்துத் தபாலில் அனுப்பிவிட்டேன். எதை எடுத்துவர வேண்டும், எதை எடுத்துவரக் கூடாது, எல்லாம் அதில் இருக்கிறது. நானும் பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்பேன். நீ வந்தால் பார்த்த மாதிரியும் இருக்கும்.

அண்ணன்


எரியோடு
25-9-84

அண்ணனுக்கு வணக்கம். சுகமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா?

ஒத்திகைக்கு ஆறு பேரும் மூன்று ஆடும்தான் வந்ததாகச் சொன்னார்கள். ஆடுகள் அந்தப் பக்கம் எப்போதும் மேய்வதுதான், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

யாருக்கும் உங்கள் மேல் கோபமில்லை. அன்று மணி அடித்தபோது எல்லாரும் வாசலில்தான் நின்றார்கள். கடைசி வீட்டுப் பாட்டி ரம்ஜான் பீவி குடையை விரித்துக்கொண்டு இறங்கி, திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறிவிட்டது. சுந்தரம்மாள் சொன்னது இது: "அடுப்பும் அரிசியும் வீட்டுல இருக்கையில, இன்னொருத்தர் காச்சுற கஞ்சிக்கு ஏனத்தத் தூக்கிட்டுப் போறதா? நாம என்ன பஞ்சத்துக்கா பொறந்தோம்?" ஏனம் என்று அவள் சொன்னது பாத்திரத்தை. உங்கள் அறிவிப்பில் ‘பாத்திரம் கொண்டுவரவும்’ என்று இருந்ததல்லவா?

பதினொன்றரை மணிக்கு ஜீப் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. வாசலில்தான் இருந்தேன். கடலை உடைத்துக்கொண்டிருந்தேன்.

காத்தமுத்து பாவம், முப்பத்தொரு அறிவிப்பையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, "ஒங்க அண்ணன் எம்பொழப்புக்கு வேல வச்சுக்கிட்டே இருக்காரு" என்றார். உங்கள் மகள் மணிமேகலையின் கல்யாணப் பத்திரிகையையும் அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். நினைவிருக்கிறதாம்.

மணிமேகலையும் மாப்பிள்ளையும் நலமா?

ஒச்சம்மாள்


திண்டுக்கல்
14-10-84

அன்புத் தங்கைக்கு, மணிமேகலையும் மாப்பிள்ளையும் மதுரையில் நலம். தீபாவளிக்கு வருவார்கள்.

ஒத்திகை அன்று உன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஜீப் தாலுகா ஆபீஸுடையது, பன்னிரண்டு மணிக்குத் திருப்பி விட்டாக வேண்டும் என்றார்கள். மன்னித்துக்கொள்.

முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு கணக்கு பிள்ளைக்குப் புரியவில்லை என்றால், பிழை சொல்லிக்கொடுத்த விதத்தில் என்று நினைப்பது என் வழக்கம். ஆகவே அறிவிப்பைத் திருத்தி எழுதியிருக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கி, படம் போட்டு, ‘பாத்திரம்’ என்பதை எடுத்துவிட்டேன். கஞ்சியைச் சாம்பார் சாதமாக மாற்றக் கேட்டிருக்கிறேன். இதற்குமேல் என்ன செய்ய? நீயாவது சொல்லேன். உனக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் எழுதமாட்டேன் என்கிறாய் என்று தோன்றுகிறது.

அண்ணன்


எரியோடு
20-11-84

அண்ணனுக்கு வணக்கம். பிரதமரைச் சுட்டுக் கொன்று நாடே கலங்கிக் கிடந்த நாட்களில் தபாலும் சரியாக வரவில்லை, போகவுமில்லை. எல்லாரும் பத்திரமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. குளம் நிறைந்து மறுகால் போகிறது. கரையில் ஒரு இடத்தில் நீர் கசிகிறது. அசோக்குமார் மண் மூட்டை அடுக்கியிருக்கிறான்.

புதிய அறிவிப்பு வந்தது. படம் அழகாக இருக்கிறது. அதில் முதலில் நடந்து போகிற பெண் என்னைப் போல இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு பெரிய மூக்கு இல்லை.

என்னிடம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதைக் கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது?

ஒச்சம்மாள்


திண்டுக்கல்
28-11-84
(கார்டு)

ஒச்சம்மாளுக்கு, கடலில் ஒன்று சுற்றிக்கொண்டிருப்பதாக வானொலி சொல்கிறது. உன் கடிதத்தைச் சரஸ்வதியிடம் படித்துக் காட்டினேன். அவள் அரிவாள்மணையிலிருந்து நிமிராமலே, "ஏங்க, இது வெவரம் கேக்குற கடுதாசியா? அஞ்சு வருசமா அந்தப் புள்ள நம்ம வாசப்படி மிதிக்கல. ஏன்னு ஒரு நாளாச்சும் யோசிச்சீங்களா?" என்றாள். யோசித்தேன். ராத்திரியெல்லாம் யோசித்தேன். அதைக் கார்டில் எழுதக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். சரஸ்வதியும் வருகிறாள்.

அண்ணன்


எரியோடு
6-12-84

அண்ணனுக்கும் மதினிக்கும் வணக்கம். மழையில் நனைந்து திரிந்தீர்களே, முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்பதை அழுத்திப் படிக்கவும். நூற்று நாற்பத்திரண்டு பேரும்.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்ற உங்கள் கார்டு நேற்றுத்தான் வந்தது. நீங்கள் வந்து போய் அஞ்சு நாள். காத்தமுத்து அதைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கவா வேண்டாமா என்று நின்றார்.

உங்களுக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்தே எழுதுகிறேன். அன்று நான் கன்றுக்குச் சாக்கு போர்த்திக்கொண்டிருந்தேன். சுந்தரம்மாள்தான் முதலில் பார்த்தாள். "ஏத்தா ஒச்சம்மா, ஒங்க அண்ணனும் மதினியும் தட்டோட வாராக! யாருக்குக் கல்யாணம்?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். "புயலுக்கு" என்றீர்கள் நீங்கள். அதற்கே தெரு சிரித்துவிட்டது.

குடையை மடக்கி, தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, மதினி அதை என் பக்கம் நீட்டியபோது நீங்கள் சொன்னீர்கள்: "ஒச்சம்மா, நாளைக்கு நம்ம வீட்டு விருந்து, பள்ளிக்கூடத்துல. நீ மொத பந்தியில வந்து ஒக்காராம எலை போட மாட்டேன். மாட்டோட, கன்னோட வரணும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். மழைத் தண்ணீர் என்று சொன்னேன். மழைத் தண்ணீர் இல்லை.

இப்போது சொல்லலாம். மணிமேகலை கல்யாணத்துக்கு அத்தையை அழைக்க அண்ணன் வருவார் என்று மூன்று நாள் வாசலில் கோலம் போட்டு, கருப்பட்டியும் காப்பித்தூளும் வாங்கி வைத்திருந்தேன். நான்காம் நாள் காத்தமுத்து வந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. அழகான அச்சு. கல்யாணத்துக்கு வந்தேன், சாப்பிட்டேன், திரும்பினேன். வாத்தியாருக்குப் பரீட்சை நேரம், பாவம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் என் கால் உங்கள் வாசற்படி ஏற மறுத்துவிட்டது. அதைச் சொல்லிக் கேட்கிற விஷயமாக நான் நினைக்கவில்லை.

நீங்கள் என் வீட்டோடு நிறுத்தியிருந்தால் நான் மட்டும்தான் வந்திருப்பேன். மழையில் முப்பது வீட்டுக்கும் நொண்டிக்கொண்டே ஏறி இறங்கினீர்கள் பாருங்கள், அதுதான் தெருவைக் கிளப்பியது. ரம்ஜான் பீவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது: "பல்லு இல்லாதவளுக்கு வெத்தலயக் குடுத்துட்டாரே வாத்தியாரு! நானும் ஒரு மருவாதிக்கு வாங்கி முடிஞ்சுக்கிட்டேன்." சுந்தரம்மாள் வீட்டில் நீங்கள் தட்டை நீட்டியதும் அவள் உள்ளே ஓடி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்துதான் வாங்கினாள். "கஞ்சியா, வெருந்தா?" என்றாள். "கூட்டு, பொரியல்னு வெஞ்சனத்தோட" என்றாள் மதினி. முடிந்தது.

சனிக்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே கிளம்பிவிட்டோம். விருந்துக்குப் பிந்திப் போகலாமா? ஆளுக்கு ஒரு பொருளாவது கையில். வெறுங்கையோடு போகக் கூடாது என்று பூசணிக்காய், தேங்காய், அரைப்படி மொச்சை. தாலுகா ஆபீஸ்காரர் அதைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கும்மா? நாங்க தர்றோம்ல?" என்றார். "ஒங்க வீட்டுக்கா வாரோம்? வாத்தியார் வீட்டு விசேசம்" என்றான் அசோக்குமார். சைக்கிள் இல்லாமல் நடந்தே வந்தான், கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு.

கரை உடைந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. இடி என்றுதான் நினைத்தேன். என் வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது. மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் மணல் கிடக்கிறது. மூன்று வீட்டில் கூரை இல்லை. அசோக்குமாரும் பையன்களும் மண் குழைக்கிறார்கள். ஒரு கை, ஒரு கால் யாருக்கும் போகவில்லை. சுந்தரம்மாளுக்கு ஒரே வருத்தம், பாயசம் இன்னொரு கரண்டி கேட்டிருக்கலாமாம்.

உங்கள்,
ஒச்சம்மாள்


திண்டுக்கல்
17-12-84

அன்புள்ள ஒச்சம்மாவுக்கு, முழங்காலுக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் சொல்லமாட்டேன், சொன்னால் சரஸ்வதி என்னை வெளியே விடமாட்டாள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை வாத்தியாராக, தலை குனிந்து. இரண்டாம் முறை அண்ணனாக. மூன்றாம் முறை சுந்தரம்மாள் வருகிற இடங்களை மட்டும், சிரிப்பதற்காக.

குழுக் கூட்டத்தில், எரியோட்டில் மட்டும் எல்லாரும் வந்தது எப்படி என்று கேட்டார்கள். சொன்னேன். ஒரு அதிகாரி, "வெற்றிலை பாக்கை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?" என்று பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். கடைசியில் திட்டத்தில் ‘அழைப்பவர்’ என்று ஒரு பத்தியே சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு பள்ளத் தெருவுக்கும் மேட்டுத் தெருவிலிருந்து ஒரு குடும்பம். மழைக்காலத்துக்கு முன்பே நேரில் போய், பெயர் சொல்லி அழைத்துவிட வேண்டும். செம்பட்டியில் இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். பாய் யார் வீட்டில் விரிப்பது, குழம்பு யார் வைப்பது என்று சண்டையாம். நல்ல சண்டை.

பரீட்சை என்ற காரணத்தை நீ எனக்காக ஐந்து வருஷம் சுமந்திருக்கிறாய். அன்று பரீட்சை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது, ஒச்சம்மா. எரியோடு பக்கத்தில்தானே, தங்கச்சிதானே, தபால் போதும் என்று நினைத்தேன். உண்மை அவ்வளவுதான்.

நம் வீட்டுக்கு எப்போது வருவாய் என்று இதில் கேட்கமாட்டேன். பொங்கல் கழிந்ததும் சரஸ்வதியும் நானும் வந்து கேட்கிறோம். சுவர் எழும்பியதா?

அண்ணன்


20-1-85
ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு, ஒச்சம்மாள் எழுதுவது. சுவர் எழும்பிவிட்டது. பூசி வெள்ளையும் அடித்தாயிற்று. கன்று அதில் உரசி உரசி ஒரு பக்கம் வெள்ளையாகத் திரிகிறது.

நீங்கள் வருவதற்கு முன் நான் முந்திக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அசோக்குமாருக்குப் பெண் அமைந்திருக்கிறது. சின்னாளபட்டிப் பெண், பெயர் அம்பிகா. மாசி மாதம் முகூர்த்தம். பத்திரிகை இன்னும் அச்சடிக்கவில்லை. தாய்மாமனை அழைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

நேரில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். உங்களைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, அழுதுவிடுவேன். மங்கல காரியம் சொல்ல வந்த இடத்தில் அழக் கூடாது. அதனால் இதுவரை ஊரிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன், மிச்சத்தை உங்கள் வாசலுக்குக் கீழே நின்று எழுதுகிறேன். இதில் தபால்தலை இல்லை, பாருங்கள். மதினியிடம் கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறேன். உங்களிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். மதினி சிரிப்பை அடக்க முடியாமல் நிற்பாள், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

அசோக்குமார் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். சுந்தரம்மாளும் வந்திருக்கிறாள், பஸ் வாசலிலிருந்து உங்கள் வீடு வரை வழியெல்லாம் விசாரித்துக்கொண்டே வந்தாள். ரம்ஜான் பீவிக்கு மூச்சு வாங்குகிறது.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வாங்க, அண்ணே. படிக்குக் கீழதான் நிக்கிறோம். ‘வா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஏறி வாரேன்.